நம் மலேசிய வெயிலில் சூரியக் குவிப்பான்: கேள்வி பதில்

செந்தூல்: பழைய 60 சென்டிமீட்டர் சாட்டிலைட் டிஷ் சும்மா கிடக்கிறது. கண்ணாடித் துண்டுகள் ஒட்டினால் தண்ணீர் கொதிக்குமா அண்ணே?

வானம் தெளிவாக இருந்தால் கொதிக்கும். அதன் பரப்பு கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். இழப்பெல்லாம் போக 130 வாட் பாத்திரத்துக்குள் போனால் நல்லது. ஒரு லிட்டரை 28 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 300 கிலோஜூல் தேவை. முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பாத்திரம் அவசியம். இந்த வகை டிஷ்ஷில் குவியம், அதாவது கதிர்கள் ஒன்றுசேரும் இடம், நடுவில் இருக்காது. கம்பி நுனியில் ரிசீவர் தலை இருந்த இடத்தில்தான் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூரியனை நோக்கித் திருப்பவும் வேண்டும்.

கெப்போங்: எந்நேரமும் மேகம், இடையிடையே புகைமூட்டம். குளிக்க வெந்நீர் கிடைக்குமா?

டிஷ்ஷை நம்பாதீர்கள். அது நேராக வரும் கதிரை மட்டுமே குவிக்கும். மேகத்தில் பட்டுச் சிதறி வரும் ஒளி நாலா பக்கமிருந்தும் வருகிறது, அதைக் குவியத்தில் சேர்க்க முடியாது. கோலாலம்பூரில் கிடைக்கும் வெளிச்சத்தில் அந்தச் சிதறல் மிக அதிகம். கறுப்புத் தகடு, செப்புக் குழாய், மேலே கண்ணாடி என்று தட்டையான பெட்டி செய்யுங்கள்; இரண்டு ஒளியையும் அது வாங்கிக்கொள்ளும். தொட்டியின் அடிப்பாகம் பெட்டியின் மேல்விளிம்புக்கு ஓர் அடி மேலே இருந்தால், பம்ப் இல்லாமலே சுடுநீர் தானாக ஏறும்.

ஜெலுத்தோங்: தமிழ்நாட்டு வீடியோவில் வெந்நீர்ப் பெட்டியைத் தெற்கே சாய்க்கச் சொல்கிறார்கள். பினாங்கிலும் அப்படியா?

நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். பெட்டிக்கு 10 டிகிரி சாய்வு போதும், அதுவும் மழைநீர் வடிவதற்காக. அப்புறம், உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை. ஏற்கெனவே முன்னே ஓடிய கடிகாரத்தை 1982-இல் இன்னும் அரை மணி தள்ளியதால் இங்கே 1.20 வாக்கில்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: இரவில் டிஷ்ஷை வானத்துக்குத் திருப்பினால் வீடு குளிருமா?

பாலைவனத்தில் பலன் உண்டு. இங்கே காற்றிலுள்ள ஈரமே வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அந்தக் காசில் கூரை ஓட்டுக்கு அடியில் இடைவெளி விட்டு அலுமினியத் தாள் கட்டுங்கள், மேற்குச் சுவருக்கு நிழல் போடுங்கள். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் விட்டது காரணத்தோடுதான்: சூடான காற்று அந்த வழியே மேலேறிப் போய்விடும்.

பட்டர்வொர்த்: சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆபத்தா?

ஆபத்துதான். குவியத்தில் கை வைத்தால் நொடியில் சுடும், வெறும் கண்ணால் பார்க்கவும் கூடாது. வெல்டிங் கண்ணாடி போடுங்கள். வேலை முடிந்ததும் துணியால் மூடிக் கவிழ்த்து வையுங்கள். பாத்திரத்தின் மூடியை ஒருபோதும் இறுக்காதீர்கள்.