கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகள் பெற்றோரைச் சிங்கப்பூருக்கு அழைத்து, அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதனாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியையே சுற்றி வருகின்றன: கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கிப் பார்த்துவிட்டு நேரத்துக்குத் திரும்புவது எப்படி?

கப்பல்காரர் விற்கும் சுற்றுலாவில் சேராமல் நாங்களே இறங்கி ஊர் பார்க்கலாமா? கணவருக்குத் துணிவு, எனக்குப் பயம்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, சாவகச்சேரி

பார்க்கலாம் அம்மா. ஆனால் உங்கள் பயத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள், அது உதவும். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் குறிகாட்டுவானில் படகேறுமுன் எதைக் கேட்கிறார்கள்? திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றுதான். கப்பற் பயணத்துக்கும் அந்தப் புத்தி போதும்.

கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். முதல்நாள் இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் அந்த நேரம் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள்: திரும்பி வரும் வழி, துறைமுக வாயிலில் வரிசை, அதற்கும் மேல் ஒரு மணி நேரம் கையிருப்பு. மிச்சம்தான் உங்களுடையது. கப்பல்காரரின் சுற்றுலா பஸ் பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் பிடித்த வாடகைக் கார் பிந்தினால் காத்திருக்காது. அவர்கள் கூடுதலாகக் கேட்கும் காசில் பெரும்பங்கு அந்த உத்தரவாதத்துக்கானது.

இன்னொன்று, பயண அட்டவணையில் உள்ள ஊர்ப்பெயரை நம்பாதீர்கள். ரோம் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவித்தாவெக்கியாவில். ரோமுக்கு எழுபது, எண்பது கிலோமீற்றர். பாங்கொக் என்றால் லேம் சபாங். நகரம் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். யாழ்ப்பாணம் என்று சொல்லிக் காங்கேசன்துறையில் இறக்குவதுபோல, ஆனால் பல மடங்கு தூரம். அப்படியான இடங்களில் முதற் பயணத்தில் காசைக் கொடுத்து அவர்களோடே போங்கள்.

பினாங்கு வேறு கதை. கப்பல் ஜோர்ஜ் டவுனின் வாசலிலேயே கட்டப்படும். பழைய நகரத்துக்குள் நடந்தே போகலாம்; 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் குயின் வீதியில் இருக்கிறது. மலாயாவில் வேலை பார்த்து, ஊர் திரும்பி, மலாயன் பென்சனில் கல்வீடு கட்டிய பாட்டனார் எவராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்தத் தெருக்களில் கொஞ்சம் மெதுவாகவே நடப்பீர்கள். கையிருப்பு ஒரு மணி நேரத்தைக் கூட்டிவையுங்கள்.

கப்பல் நேரம், உள்ளூர் நேரம் என்று இரண்டு உண்டாமே?
– வங்கி ஊழியர், சுன்னாகம்

உண்டு. என் முதற் பயணத்தில் மாட்டிக்கொண்டதும் இதில்தான். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. புக்கெட் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். கரையில் கால் வைத்ததும் கைத்தொலைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொண்டது. பத்தோங் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். திரையில் மூன்று பத்து, கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு நாலரைக்கு. இன்னொரு இளநீர் சொல்லலாம் என்று பார்த்தால், மனைவி தன் பழைய சாவிக் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் நாலு பத்து. மணலில் செருப்போடு ஓட முடியாது என்பதை அன்று அறிந்தேன். தொலைபேசியில் தானியங்கி நேரத்தை நிறுத்திவிடுங்கள். அல்லது மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

மகளுக்குக் கனேடியக் கடவுச்சீட்டு, எங்களுக்கு இலங்கைக் கடவுச்சீட்டு. விசா எல்லாம் கப்பல்காரர் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார் மகள்.
– தம்பதியர், பருத்தித்துறை

பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மகளுக்கு வேண்டாத விசா உங்களுக்கு வேண்டியிருக்கலாம். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே, இலங்கைக் கடவுச்சீட்டு என்று குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்’ என்றாலும் விசா கேட்கும் இடங்கள் உண்டு. கிரேக்கத்தில் ஏறித் துருக்கியைத் தொட்டு மீண்டும் கிரேக்கத்துக்கு வரும் பயணமென்றால், ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா; துருக்கி அதில் சேராது) போதாது. இருமுறை அல்லது பலமுறை நுழைவு வேண்டும். விசா இல்லாவிட்டால் கப்பலேறும் நாளில் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவார்கள். கட்டிய காசும் திரும்பாது.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இறங்க முடியுமா?
– வாசகர், மானிப்பாய்

கப்பல் துறையில் கட்டப்படுகிறதா, நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறுபடகில் கரைசேர்க்கிறார்களா என்று பாருங்கள். துறையென்றால் சாய்பாதை, சக்கர நாற்காலி போகும். சிறுபடகென்றால் அலையில் ஏறி இறங்கும் படகுக்குள் கால் வைக்க வேண்டும். அன்று அம்மா மேல்தளத்தில் தேநீரோடு இருக்கட்டும்.

காலை உணவில் மிஞ்சும் பழங்களைக் கரைக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகி, கொக்குவில்

வேண்டாம். பல நாடுகளில் தண்டம் கட்ட வைப்பார்கள். வாழைப்பழம் அங்கேயும் விற்கும்.

கப்பல் போய்விட்டால் என்ன செய்வது?
– பெயர் எழுதவில்லை, வட்டுக்கோட்டை

நிகழ்ச்சி நிரலில் துறைமுக முகவரின், அதாவது கப்பல்காரருக்காக அந்தத் துறைமுகத்தில் வேலை பார்ப்பவரின், தொலைபேசி எண் இருக்கும். இறங்குமுன் அதைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்; தொலைபேசி மின்சாரம் தீர்ந்து செத்துப்போகும், தாள் போகாது. அடுத்த துறைமுகத்துக்குப் போகும் செலவு உங்களுடையது. கடவுச்சீட்டின் பிரதியும் கொஞ்சக் காசும் கையில் இருக்கட்டும்.

நாங்கள் சென்னையிலிருந்து வருகிறோம். காங்கேசன்துறையில் சில மணி நேரம்தான் நிற்கும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது?
– வாசகர், தாம்பரம்

வாருங்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் வந்தபோது துறைமுகத்தில் மேளதாளம் கேட்டது. எங்கள் கடிகாரமும் உங்கள் கடிகாரமும் ஒன்றுதான், அந்தக் கவலை இல்லை.

நாகபூசணி அம்மன் கோயிலுள்ள நயினாதீவை மறந்துவிடுங்கள். படகேறும் குறிகாட்டுவானே யாழ் நகரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். ரயில் நிலையம் அருகில் இருந்தாலும் வண்டிகள் குறைவு. உங்கள் நேரத்துக்கு ஒத்துவராது. ஓட்டோவை அரைநாளுக்குப் பேசி, தொகையை ஏறுமுன்னரே முடித்துக்கொள்ளுங்கள். நகரம் இருபது கிலோமீற்றருக்குள்தான். முதலில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில்: ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக்கூடாது, நண்பகற் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். பிறகு 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த நூலகத்தின் வெள்ளை முகப்பு. அங்கிருந்து நடை தூரத்தில் ஒல்லாந்தரின் ஐங்கோணக் கோட்டை.

கீரிமலைக் கேணியைக் கடைசிக்கு வையுங்கள். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் மனம் பதறாமல் இருக்கலாம். கேணியின் ஒரு சுவருக்கு அப்பால் கடல் மோதிக்கொண்டிருக்கும்; இப்பால் ஊற்றுநீர். இரண்டையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். பெண்களுக்குத் தனிக் கேணி உண்டு. துவாயைக் கப்பலிலிருந்தே எடுத்துவாருங்கள், ஈரத்தோடு ஏறினால் ஓட்டோக்காரர் முகம் சுளிப்பார்.