பாராசூட் குடை கிழிந்தால் முதலில் பார்க்க வேண்டியது துணியை அல்ல

உங்கள் இரண்டு இருக்கை விமானத்தின் பாராசூட் மணிக்கு 60 கி.மீ. சோதனையில் நன்றாக விரிந்து, 90-இல் கிழிந்துவிட்டது. தடிமனான துணிக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-இல் இருந்ததைப்போல் 90-இல் 2.25 மடங்கு. துணியைத் தடிப்பாக்கினால் எடைதான் கூடும், அடி அப்படியே கயிறுகளுக்குப் போகும்.

குடை விரிவதை மெதுவாக்குங்கள். அதற்குத்தான் ஸ்லைடர்: கயிறுகள் எல்லாம் கோத்துச் செல்லும் ஒரு வளையம். வேகம் அதிகமாக இருக்கும்வரை காற்றே அதை மேலே தள்ளி, குடையின் வாயை இறுக்கிப் பிடிக்கும். வேகம் குறைந்ததும் விரியும் கயிறுகள் அதைக் கீழே இறக்கிவிடும். விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் உள்ள சிர்ரஸ் எஸ்ஆர்20 என்ற சிறு விமானத்திலும் இதே ஏற்பாடுதான்.

மடிக்கும்போது வளையம் குடையின் விளிம்பை ஒட்டியே இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள். கொஞ்சம் நழுவியிருந்தாலும் குடை படாரென்று திறந்துகொள்ளும்.

அப்புறம், கிழிசல் எங்கே தொடங்கியது? தையலிலா, உச்சியிலா? படம் எடுத்துப் போடுங்கள். அடுத்த சோதனைக்கும் எடைக்கட்டிதான், ஆளை ஏற்றவே வேண்டாம்.