பினாங்கு இரண்டாவது பாலத்தின் தூண்களில் ரப்பர் எதற்கு?

நிலநடுக்கத்துக்குத்தான். 2014-இல் திறந்த இந்த 24 கிலோமீட்டர் பாலத்தில், தளத்துக்கும் தூணுக்கும் நடுவே இயற்கை ரப்பர் தாங்கிகள் இருக்கின்றன. பால்மரம் வெட்டிய நம் தோட்டத்து ஆட்களுக்கு அந்நியமான பொருளில்லை!

உள்ளே ரப்பரும் எஃகுத் தகடும் மாறி மாறி ஒட்டியிருக்கும். தகடுகள் ரப்பரைப் பிதுங்க விடாததால் மேலிருந்து வரும் பாரத்துக்கு அசையாது. பக்கவாட்டில் மட்டும் இளகிக் கொடுக்கும். தளம் மெதுவாக ஆடுவதால் தூணுக்குப் போகும் விசை குறைகிறது. கார்பன் பிளாக் என்ற நுண்ணிய கரித்தூள் முதலியவை கலந்த ரப்பர், ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிவிடும்.

கோளாறு ஒட்டுதலில் வரலாம். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அடுக்கு பிரியும். உட்காருமிடம் சமமாக இல்லையென்றால் ஓர் ஓரமே நசுங்கும். தளம் நகர இடைவெளி விடும் விரிவு இணைப்பில் குப்பை அடைத்தால் தளம் நகரவே முடியாது. அப்போது தாங்கி இருந்தும் பயனில்லை.