சைனஸ் என்றால் என்ன? குனிந்தால் ஏன் முகம் வலிக்கிறது?

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று சொல்கிறோம். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் உண்டு. நெற்றி, கன்னம், கண்களுக்கு நடுவே, மூக்குக்குப் பின்னால் என்று மண்டை எலும்புக்குள் இருக்கும் நான்கு ஜோடி காற்றறைகள் அவை. அவற்றின் உள்தோல் வீங்குவதுதான் நோய்.

இந்த அறைகளில் சுரக்கும் சளி, சின்னத் துளை வழியாக மூக்குக்கு வடியும். ஜலதோஷமோ தூசி ஒவ்வாமையோ வந்தால் அந்தத் துளை வீங்கி அடைபடும். கன்னத்து அறைக்கு இன்னொரு சங்கடம்: அதன் துளை அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அடியில் ஓட்டையே இல்லாமல், மேல் விளிம்போரம் மட்டும் ஓட்டை வைத்த வாஷ்பேசினை நினைத்துக்கொள்ளுங்கள். நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேலே தள்ளிவிட வேண்டும். வீக்கத்தில் அவை ஓய்ந்துபோகும். செருப்பு வார் மாட்டக் குனிந்ததும் கன்னம் கனத்து, மேல்பல் வரை வலிப்பது அதனால்தான்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்ல பலன் தரும். 240 மி.லி. நீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு போதும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்; அரிதாக உயிரையே பறிக்கும் அமீபா இருக்கலாம் என்பதால் குழாய்த் தண்ணீரை நேராக விடவே கூடாது. மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 3 நாளுக்கு மேல் நீட்டினால், அப்புறம் அதுவே அடைப்பை உண்டாக்கும். 10 நாளாகியும் குறையவில்லையா, மருத்துவரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் காய்ச்சல் என்றால் அன்றே.

சளி பச்சையாக வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பது தவறு. வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது.