சில்வர் பீச்சில் பாட்டு, வீடியோ கால், போட்டோ: எதுவரை சரி?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலியிலிருந்து குடும்பத்தோடு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவோம். போன வாரம் என் மகன் புளூடூத் ஸ்பீக்கரில் மெதுவாகத்தான் பாட்டு வைத்தான். எங்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து சத்தம் போட்டுவிட்டார். அவர் செய்தது சரியா? போன் பேசுவது, போட்டோ எடுப்பது இதற்கெல்லாம் என்ன வரைமுறை?

பதில்: நான் பெரியவர் பக்கம்தான். ஆனால் உங்கள் மகனும் பொய் சொல்லவில்லை, அவன் காதுக்கு அது மெதுவாகத்தான் கேட்டிருக்கும். பகல் ஏற ஏறக் கடற்காற்று கரையை நோக்கி வீசும். தரையை ஒட்டி அதன் வேகம் குறைவு, மேலே போகப் போக அதிகம். இதனால் காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். அலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அலைச் சத்தம் பாட்டை அமுக்கிவிடும். பின்னால் மணலில் இருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும். ஒருமுறை பாட்டைப் போட்டுவிட்டு, கடைகள் இருக்கும் பக்கமாக முப்பது அடி நடந்து போய்க் கேளுங்கள். வரிகள் புரிந்தால் அது அதிகம். என்னைக் கேட்டால் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது பிள்ளைகளுக்கு.

போனில் பேசும்போதும் இதே கதைதான். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நம்மை அறியாமலே குரல் உயரும். 1911-ல் எதியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்துச் சொன்னார். எதிர்முனையில் "கேட்கலையே" என்பார்கள், நாம் இன்னும் கத்துவோம். உண்மையில் மைக்கில் காற்று மோதுவதுதான் பிரச்சினை. போனின் அடிப்பக்கத்தில் மைக் இருக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த இடத்துக்குக் கையால் மறைவு கொடுங்கள். சாதாரணக் குரலே போதும். ஸ்பீக்கர் போன் வேண்டாம். உங்கள் மாமியாரின் மாத்திரைக் கணக்கு பக்கத்துக் குடும்பத்துக்கு எதற்கு?

ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ காலில் கடலைக் காட்டுவது நல்ல விஷயம், தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் குளிக்கும் இடத்தைப் பார்த்துப் பிடிக்காதீர்கள். நனைந்த புடவையோடு அலையில் நிற்கும் பெண்கள் உங்கள் படத்துக்காக வந்தவர்கள் இல்லை. ஆள் இல்லாத பக்கமாகத் திரும்பிக்கொள்ளுங்கள். ஸ்டேட்டஸ் போடும் முன் பின்னணியில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

சில்வர் பீச் தேவனாம்பட்டினத்து மீனவர்கள் தொழில் செய்யும் கரை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வலை பின்னுபவரைப் படம் எடுக்கத் தோன்றினால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். தலையசைத்தால் எடுங்கள், இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசையில் தர்ப்பணம் கொடுப்பவர்களைப் படமே எடுக்காதீர்கள். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறவரின் முகம் யாருடைய ரீல்ஸுக்கும் உரியதல்ல.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பிள்ளை தண்ணீரில் நிற்கும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கத்த மூச்சு இருக்காது. ஒரு மெசேஜ் படித்து நிமிரும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். வீடியோ எடுத்தே ஆக வேண்டுமென்றால், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ள இன்னொரு பெரியவர் பக்கத்தில் நிற்கட்டும். அவசரத்துக்கு 112.

ஜனவரியிலிருந்து சில மாதங்கள் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கத்தைக் கடல் என்று நம்பி நகரும். அதனால் இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் கூடாது. புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போனால், மாலை 6 மணிக்கு மேல் வண்டி வராது என்று நடுவில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நடைப்பயிற்சிக்காரர்களுக்கு வழி விட்டு ஓரமாக நில்லுங்கள். கரைப் பாறைகள் வழுக்கும், அதில் ஏறவே வேண்டாம்.

பக்கத்தில் வேறு யாராவது சத்தமாகப் பாட்டு வைத்தால், அந்தப் பெரியவர் மாதிரி கோபப்பட வேண்டாம். "தம்பி, காத்து இந்தப் பக்கம் அடிக்குது, கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" என்று காரணத்தோடு கேளுங்கள். உங்கள் மகனைப் போல அவர்களுக்கும் அது தெரிந்திருக்காது.