லேசரில் மாதிரிக் கட்டடம் செய்யும் மகளுக்கு எந்தப் படிப்பு?

அன்புள்ள அம்மையாருக்கு,

வணக்கம். பள்ளிப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் உங்கள் மகள், மாலை நேரங்களைப் பள்ளிப் பணிக்கூடத்து லேசர் வெட்டு இயந்திரத்தின் அருகிலேயே கழிக்கிறாள் என்றும், ஒரு ரயில் நிலையக் கட்டடத்தை 1:87 அளவில், அதாவது உண்மை அளவில் 87இல் ஒரு பங்காக, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். இதை நம்பி ஒரு தொழில் உண்டா, படிப்பு கெட்டுப்போகுமா, இயந்திரத்தின் புகையும் நெருப்பும் ஆபத்தில்லையா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றும் நியாயமானவை. ஆனால், அவள் அங்கே உண்மையில் என்ன செய்கிறாள் என்பதை முதலில் விளக்கிவிட்டால், நான் சொல்லப்போகும் ஆலோசனையின் காரணம் உங்களுக்குத் தெளிவாகும்.

லேசர் இயந்திரத்துக்குத் தட்டையான தாளையும் பலகையையும் மட்டுமே வெட்டத் தெரியும். கட்டடமோ நீளம், அகலம், உயரம் மூன்றும் கொண்டது. ஆகவே மாதிரி செய்பவர் முழுக் கட்டடத்தையும் மனத்துக்குள் பிரித்து, ஒவ்வொரு சுவரையும் கூரையையும் படிக்கட்டையும் தட்டைத் துண்டுகளாக மாற்றி வரைய வேண்டும். 100 மி.மீ. அகலமுள்ள ஒரு பெட்டி வடிவக் கட்டடத்தை 3 மி.மீ. பலகையில் செய்யும்போது, முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் நிற்கும் பக்கச் சுவரை 100 மி.மீ. என்று வரைந்தால் கட்டடம் பெரிதாகிவிடும். இரண்டு பலகைகளின் தடிமனைக் கழித்து 94 மி.மீ. என்று வரைய வேண்டும். சுவரில் செங்கல் வரிகளைப் பொறிப்பதாக இருந்தால், அவை மூலையில் ஒன்றோடொன்று சரியாகச் சந்திக்க வேண்டும். ஒரு ஜன்னலையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுவரில் ஒரு திறப்பு, அதன் மேல் ஒட்டும் வெளிச்சட்டம், பின்னால் கதவுச் சட்டம், அதற்கும் பின்னால் கண்ணாடிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் தாள் என்று நான்கு அடுக்குகளாகப் பிரித்தால்தான் ஒட்டியபின் நிழல் விழுந்து ஜன்னல் போலத் தெரியும். இப்படிப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பொருள் வடிவமைப்பிலும் இயந்திரப் பொறியியலிலும் கட்டடக்கலையிலும் ஒருவரைத் தாங்கிப் பிடிக்கக்கூடியது.

அடுத்தது துல்லியம். லேசர் கற்றை பொருளை எரித்து ஆவியாக்கியே வெட்டுகிறது. எனவே ஒவ்வொரு கோட்டிலும் சிறிதளவு பொருள் காணாமற்போகும். கெர்ஃப் எனப்படும் இந்த வெட்டு அகலம், பொருளையும் லென்ஸையும் வேகத்தையும் பொறுத்து, இத்தகைய வேலைகளில் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்கும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, மாதிரிக் கட்டடத்தில் பெரிய விஷயம். உண்மையான ஜன்னலில் 40 மி.மீ. அகலமுள்ள குறுக்குச் சட்டம், 1:87 அளவில் ஏறத்தாழ 0.46 மி.மீ. ஆகிவிடுகிறது. வெட்டு அகலம் 0.2 மி.மீ. என்றால், வரைந்த கோட்டின் மேலேயே இருபுறமும் வெட்டும்போது சட்டத்தில் மிஞ்சுவது 0.26 மி.மீ. மட்டுமே, தொட்டால் ஒடிந்துவிடும். இதைத் தவிர்க்க, வெட்டு அகலத்தில் பாதியளவு கோட்டை வெளிப்புறம் நகர்த்தி வரைய வேண்டும். ஒரு பலகை மற்றொன்றில் நுழையும் பொருத்து வாய்களிலும் இதே கணக்குதான். 3 மி.மீ. என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை உண்மையில் 2.8 மி.மீ. ஆக இருக்கலாம், அதற்கு 3 மி.மீ. என்று வரைந்த துளை, வெட்டியபின் 3.2 மி.மீ. ஆகிவிட்டால், பொருத்தில் 0.4 மி.மீ. ஆட்டம் வந்துவிடும். எனவே வரையத் தொடங்கும் முன்பே தடிமனைத் துல்லியமாகக் காட்டும் காலிப்பர் என்ற கருவியால் பலகையை அளப்பதும், அதே பலகையின் ஓரத்தில் ஒரு சோதனைத் துண்டை வெட்டிப் பார்ப்பதும் இந்த வேலையின் அடிப்படை ஒழுக்கம். உங்கள் மகள் ‘ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வெட்டி வீணாக்குகிறாள்’ என்று எழுதியிருந்தீர்களே, அவற்றில் பல இத்தகைய சோதனைத் துண்டுகளாக இருக்கும். அந்தத் துண்டுகளில் அவள் வேகம், ஆற்றல், தடிமன் ஆகியவற்றைக் குறித்து வைக்கிறாளா என்று மட்டும் கேளுங்கள். குறித்து வைத்தால் அது ஆராய்ச்சி. குறிக்காவிட்டால் நீங்கள் சொல்வதுபோல வீண்தான்.

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. முதலில் பொறிப்பு, பிறகு உள்துளைகள், கடைசியில் வெளிவிளிம்பு என்ற வரிசையில் வெட்ட வேண்டும்; வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் துண்டு கழன்று நகர்ந்து, ஜன்னல்கள் கோணலாகிவிடும். வரைபடத்தில் ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இருந்தால் லேசர் அதை இருமுறை எரித்து விளிம்பைக் கரியாக்கும். மெல்லிய மரத் தகட்டில் இழை ஓடும் திசையைக் கவனிக்காமல் வெட்டினால் தூண்கள் முறிந்துபோகும். பொறுமையுள்ள மாணவர் எவரும் சில மாதங்களில் பழகிவிடக்கூடியவை இவை.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் அஞ்சுவதில் தவறே இல்லை. இதில் நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. பள்ளிகளிலும் பணிக்கூடங்களிலும் பெரும்பாலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் கற்றை 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. மூடியுள்ள பெட்டிக்குள், மூடியைத் திறந்தவுடன் கற்றை நின்றுவிடும் அமைப்போடு இயங்கும்வரை அது கண்ணுக்கு ஆபத்தில்லை. திறந்த சட்டத்தில் இயங்கும் நீல ஒளி டையோடு இயந்திரங்கள் வேறு வகை. அந்த அலைநீளத்துக்கென்றே செய்யப்பட்ட கண்ணாடி அணியாமல் அவற்றின் அருகில் நிற்கவே கூடாது. அதைவிடப் பெரிய ஆபத்து தவறான பொருள். பி.வி.சி. தகட்டை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது நுரையீரலைக் கெடுப்பதோடு இயந்திரத்தின் உலோகப் பாகங்களையும் அரித்துவிடும். பார்வைக்கு அது அக்ரிலிக் போலவே இருப்பதால், எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரியாத எந்தத் தகட்டையும் உள்ளே வைக்கக் கூடாது. அக்ரிலிக்கும் மரமும் தீப்பற்றக்கூடியவை; ஆகையால் இயந்திரம் ஓடும்போது அதை விட்டு ஒரு நிமிடம்கூட அகலக் கூடாது. புகையை வெளியேற்றும் அமைப்பு இயங்குகிறதா, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, பொறுப்பான ஆசிரியர் உடன் இருக்கிறாரா என்பதை நீங்களே நேரில் சென்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், அது சரியாகும்வரை அனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி தொழில். லேசர் இயந்திரத்தை இயக்குவது மட்டுமே ஒருவருடைய திறமையாக இருந்தால், அதை நம்பி எதிர்காலத்தை அமைத்துக்கொள்ளுமாறு நான் எந்த மாணவருக்கும் சொல்ல மாட்டேன். இயந்திரங்கள் ஆண்டுக்கு ஆண்டு இயக்க எளிதாகி வருகின்றன. பொத்தானை அழுத்தத் தெரிந்தவரின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். அதே நேரம், இந்தத் தொழில்நுட்பம் நேற்று முளைத்து நாளை மறையும் மோகமும் இல்லை. இந்தியாவில் பிறந்த இயற்பியலாளர் குமார் படேல், பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். இன்று உலோகத் தகடு வெட்டுவதில் கண்ணாடி இழையில் கற்றையை உருவாக்கும் ஃபைபர் லேசர் முன்னிலைக்கு வந்துவிட்டபோதிலும், மரம், அட்டை, அக்ரிலிக் ஆகியவற்றுக்கு அந்தப் பழைய வகையே இன்னும் பெரிதும் பயன்படுகிறது. முப்பரிமாண அச்சு வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். வளைந்த அலங்காரத் தூணுக்கும் சிற்பத்துக்கும் அச்சு நல்லது; கூர்மையான விளிம்புள்ள தட்டைச் சுவருக்கு லேசர் விரைவானது. நல்ல மாதிரிக் கூடங்கள் இரண்டையும் வைத்திருக்கின்றன.

ஆகவே மாதிரி செய்வதில் எந்தக் கட்டத்தில் உங்கள் மகள் தன்னை மறக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். படிப்பைத் தேர்ந்தெடுக்க அதைவிட நம்பகமான சான்று என்னிடம் இல்லை. சிலருக்கு உண்மைக் கட்டடத்தின் மேல்தான் காதல். நாடாவோடு போய் முகப்பை அளப்பார்கள், பழைய புகைப்படத்தில் செங்கல் வரிகளை எண்ணிக் கதவின் உயரத்தைக் கணக்கிடுவார்கள். இவர்களுக்குக் கட்டடக்கலையும் பழைய கட்டடங்களைப் பேணும் துறையும் பொருந்தும். சிலருக்கு வெட்டுவது வரை பொறுமையே இருக்காது. வண்ணம் பூசி, கறை படியவைத்து, கூரையில் பாசி முளைத்ததுபோலக் காட்டும்போதுதான் முகம் மலரும். தொழில்முறை மாதிரி உருவாக்கம், அருங்காட்சியகக் காட்சியமைப்பு, திரைப்படக் கலை இயக்கம், மேடை வடிவமைப்பு ஆகியவை அவர்களுக்கு உரியவை. கட்டடக்கலை அலுவலகங்களுக்கு மாதிரி செய்யும் கூடங்களில் ஒப்படைக்கும் தேதி இறுக்கமானது. இரவும் பகலும் வேலை நடக்கும் நாட்கள் வரும். இதையும் அறிந்தே அவர்கள் இறங்க வேண்டும். மற்றும் சிலர் கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதிலும் லென்ஸைத் துடைப்பதிலும் மூழ்கிவிடுவார்கள்; அவர்களை இயந்திர மின்னணுவியல் அல்லது ஒளியியல் பக்கம் அனுப்பலாம்.

உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரிவது வேறொன்று. நிலையத்தின் சுவர்கள் இன்னும் வண்ணம் பூசப்படவில்லை, ஆனால் வரைபடத்தை மட்டும் அவள் அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்கிறாள், பொருத்துகள் பசையே இல்லாமல் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டடம் என்றவுடன் உறவினர்கள் எல்லாரும் கட்டடக்கலைப் படிப்பைச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதில் அன்பு இருக்கிறது. எனினும், ஒரு பொருள் எப்படிப் பிரிகிறது, எப்படிச் சேர்கிறது என்பதில் இவ்வளவு ஈடுபாடு காட்டும் பிள்ளைக்குப் பொருள் வடிவமைப்பும் உற்பத்திப் பொறியியலும் முதலில் பரிசீலிக்கத் தக்கவை. கட்டடக்கலை மூன்றாவதாக இருக்கட்டும். அந்தக் கட்டடம் அவளுக்குப் பிடித்த புதிர் மட்டுமாக இருக்கலாம்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அதே நிலையத்தை 1:500 அளவிலும் செய்யச் சொல்லுங்கள். அங்கே 2.1 மீட்டர் கதவு 4.2 மி.மீ. ஆகிவிடும், ஜன்னலின் குறுக்குச் சட்டம் 0.08 மி.மீ., அதாவது வெட்டு அகலத்தைவிட மெலிந்தது. எதை விடுவது, எதை வெறும் பொறிப்பாகக் காட்டுவது, எதைச் சற்றுப் பெரிதாக்கினால்தான் அது நிலையம் என்று தெரியும் என்பதையெல்லாம் அவளே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்த முடிவுகள் அவளை மகிழ்வித்தால் கட்டடக்கலைக்கான மனம் இருக்கிறது என்று நான் கருதுவேன், என் பட்டியலின் வரிசையையும் மாற்றிக்கொள்வேன். ‘விவரம் எல்லாம் போய்விட்டதே’ என்று சலித்துக்கொண்டால், முன்பு சொன்னதே சரி.

எந்த வழியில் சென்றாலும், வடிவமைப்புப் படிப்புகள் பலவற்றின் சேர்க்கையில் படைப்புத் தொகுப்பு கேட்பார்கள். முடிந்த மாதிரியின் அழகான படங்களை மட்டும் அதில் வைக்க வேண்டாம். முதல் கைவரைபடம், வெட்டுக்கோடுகள் உள்ள கணினி வரைபடம், பொருந்தாமல் போன துண்டு, அது ஏன் பொருந்தவில்லை என்ற இரண்டு வரிக் குறிப்பு, திருத்தியபின் வந்த துண்டு என்று வரிசையாக வைத்தால், தேர்வு செய்பவர்களுக்கு அவள் சிந்திக்கும் முறை தெரியும். அந்தத் தொகுப்பை அவளே வாய்விட்டு விளக்கவும் பழக வேண்டும். கேட்பவராக நீங்களே இருக்கலாம்.

படிப்பு கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நேரத்துக்கு ஓர் எல்லை வையுங்கள். வாரத்தில் குறிப்பிட்ட மாலைகள் மட்டும் என்று இருவரும் பேசி முடிவெடுங்கள். ஆனால் முற்றிலும் நிறுத்த வேண்டாம். கணிதத்தையும் இயற்பியலையும் எக்காரணம் கொண்டும் கைவிட விடாதீர்கள். கலைத்துறைப் பக்கம் சாய்ந்தாலும் அவை தேவைப்படும். நிலையத்தின் கூரையையே எடுத்துக்கொண்டு அவளிடம் பேசலாம்: நடு முகட்டிலிருந்து சுவர் விளிம்பு வரை தரைப்படத்தில் 50 மி.மீ., சரிவு 30 பாகை என்றால், கூரைத் துண்டை 50 மி.மீ. நீளத்துக்கு வெட்டினால் அது சுவரை எட்டாது. 50ஐ 30 பாகையின் கொசைனால் வகுத்து வரும் 57.7 மி.மீ. வேண்டும், விளிம்பு வெளியே நீள வேண்டுமானால் அதையும் கூட்ட வேண்டும். திரிகோணவியல் கசக்கிறது என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த பாடத் தேர்வுக்கு முன் அந்தக் கூரையை அவளே கணக்கிட்டு வெட்டட்டும். அந்த வரைபடத்தையும் 1:500 மாதிரியின் படத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைப் பார்த்தபின் எந்தெந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நாம் மூவரும் உட்கார்ந்து பேசுவோம்.