ஆரோ: ஐந்தாவது சீசன் வரை வாருங்கள்

'ஆரோ' (Arrow) என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ டிவி தொடரின் நாலாவது சீசனைப் பாதியில் நிறுத்திவிட்டேன், முதல் இரண்டு சீசன்களின் தரம் இனி வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரும். ஆனால் முழுசாக வருவது ஒரே ஒரு சீசனுக்குத்தான்.

நாலாவது சீசன் சறுக்கியதற்குக் காரணம், என்னைக் கேட்டால், மந்திரம்தான். வில், அம்பு, கைச்சண்டை என்று தரையில் நின்ற கதை அது. கையை நீட்டியே ஆளைச் சாய்க்கும் வில்லன் டேமியன் டார்க் வந்ததும் நாயகன் ஆலிவர் பட்ட பாடெல்லாம் வீண் என்று ஆகிவிட்டது. (டார்க்காக வரும் நீல் மெக்டோனா என்னவோ ரசித்துத்தான் நடித்திருக்கிறார்.)

2016 அக்டோபரில் வந்த ஐந்தாவது சீசன் மந்திரத்தை ஓரங்கட்டிவிட்டது. அதன் வில்லன் ப்ரொமிதியஸுக்கு எந்த அபூர்வ சக்தியும் கிடையாது. முதல் சீசனில் ஆலிவர் பட்டியல் போட்டுக் கொன்றாரே, அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க வருகிறவன் அவன். தொடர் தன் ஆரம்பத்தையே எதிர்த்து நிற்பதால்தான் பழைய வேகம் திரும்புகிறது. ஆலிவர் ஊருக்குத் திரும்புமுன் காணாமல் போயிருந்த ஐந்து ஆண்டுகளைச் சொல்லும் ஃப்ளாஷ்பேக்கும் ரஷ்யா வழியாகச் சுற்றி, அவர் முதலில் கரையொதுங்கிய தீவிலேயே வந்து முடிகிறது. அந்தக் கடைசி எபிசோடைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்துவிடாதீர்கள்.

புதுக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆரம்ப எபிசோடுகள் கொஞ்சம் மந்தம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவதில் மிச்சத்தைத் தாண்டிப் போகலாம். ஆனால் 18வது எபிசோடை மட்டும் விடாதீர்கள், அதில் நடப்பதன் நிழல் பின்னால் தொடர்கிறது. ஆறாவது மறுபடி சரிவு. ஏழாவதில் சிறைப் பகுதி தேவலை. எட்டாவது பத்தே எபிசோடு, மனசு இருந்தால் பாருங்கள்.